நாற்பத்தொன்றாம் மரம்

டிசம்பர் 27, சனி

மேலச்சுனை வந்து சேர்ந்தோம். தென்காசியில் இறங்கி, அங்கிருந்து ஜமீன் அனுப்பிய காரில் முக்கால் மணி நேரம். மலை அடிவாரத்தில் பழைய அரண்மனை, அதைச் சுற்றிப் பதினோரு ஏக்கர் தோட்டம், தோட்டத்தில் முந்நூற்று நாற்பது மரங்கள். அத்தனைக்கும் பெயர் கண்டுபிடித்துத் தகடு எழுத வேண்டும் என்று இவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். காணும் பொங்கலன்று ஊர் ஜனங்களுக்குத் தோட்டத்தைத் திறந்துவிடப் போகிறார்களாம். இவர் முப்பது வருடம் கல்லூரியில் தாவரவியல் நடத்தியவர். ஓர் இலையைக் கொடுத்தால் அதன் ஏழு தலைமுறையையும் சொல்லிவிடுவார்.

“மூணு வாரம் நீ அங்க வந்து என்ன செய்யப் போற, உலகு? பொழுதே போவாது” என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வராதே என்பதற்கு எவ்வளவு அக்கறை பாருங்கள். இந்த உலகம்மை இருபத்தொன்பது வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்தவள். ஒருவர் ஹலோ சொல்வதை வைத்தே மறுமுனையில் மாமியாரா, மச்சினியா என்று சொல்லிவிடுவேன். அதனால்தான் பெட்டியைக் கட்டினேன்.

காரணம் ஒன்று. ஆடி மாதம் இவர் மட்டும் இங்கே வந்து தோட்டத்தைப் பார்த்துவிட்டுப் போனார். அதிலிருந்து போன் வந்தால் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போகிறார். யார் என்று கேட்டால் “ஒண்ணுமில்ல.” காரணம் இரண்டு. கருத்தரங்கு என்று இரண்டு தடவை மதுரைக்குப் போனார். துவைக்கப் போட்ட சட்டைப் பையில் ஓட்டல் சீட்டு: இரண்டு காபி, ஒரு பொங்கல், ஒரு ரவா தோசை. இவருக்கு ரவா தோசை ஆகவே ஆகாது.

இன்று அந்த ரவா தோசையை வாசலில் பார்த்தேன். பெயர் ஜெசிந்தா. அரண்மனைக்குள் இருக்கும் இரண்டு அருங்காட்சியகங்களுக்கும் பொறுப்பாளர், இவரிடம் முன்பு படித்தவள். வயது நாற்பத்தாறு, கல்யாணம் ஆகவில்லை. “சார், படி இருக்கு” என்று இவர் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். மொத்தமே மூன்று படி. முட்டிவலிக்காரி நான் பின்னால் பெட்டியோடு ஏறினேன்.

டிசம்பர் 28, ஞாயிறு

ஜெசிந்தா அரண்மனையைச் சுற்றிக் காட்டினாள். முன்கட்டில் வாகன அருங்காட்சியகம்: இரண்டு பல்லக்கு, ஒரு கோச் வண்டி, ஜமீன்தார் ஓட்டத் தெரியாமலே வாங்கிப் போட்ட கார். பின்கட்டில் சமையல் அருங்காட்சியகம். ஆள் உள்ளே இறங்கித் தேய்க்க வேண்டிய அண்டாக்கள். அதைப் பார்த்ததும் என் தோள்பட்டை வலித்தது.

மாடியில் ராணிகளின் அறைகள். ஜமீன்தாருக்கு இரண்டு மனைவி. மூத்த ராணியின் ஜன்னலுக்கு எதிரே ஓர் உயரமான மதில் நிற்கிறது. இளைய ராணியும் ஜமீன்தாரும் தோட்டத்தில் உலாத்துவது மூத்தவள் கண்ணில் பட வேண்டாம் என்று கட்டியதாம்.

“மதில் கட்டுனா தெரியாமப் போயிருமாக்கும்?” என்றேன்.

ஜெசிந்தா சிரித்தாள். “மூத்த ராணி லேசுப்பட்டவங்க இல்லக்கா. இளையவ கொலுசுச் சத்தத்தக் கேட்டே எப்ப போறா, எப்ப வாறான்னு தினம் எழுதி வச்சிருக்காங்க. அந்த நோட்டு கீழ கண்ணாடிப் பெட்டியில இருக்கு.”

கீழே போய் அந்த நோட்டின் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். குண்டு குண்டான, அழகான கையெழுத்து. பாவம், அந்த அம்மாளுக்குச் சொல்லி அழ ஆள் இல்லை, நோட்டு மட்டும்தான்.

இவரோ எதையும் பார்க்கவில்லை. ஜெசிந்தா குரல் வரும் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். இந்தப் பல்லக்கு எப்படி என்று வேண்டுமென்றே கேட்டேன். “நல்லாருக்கு” என்றார். அப்போது நாங்கள் நின்றது அண்டாவுக்கு முன்னால்.

டிசம்பர் 30, செவ்வாய்

மார்கழி மாதம் விருந்தினர் விடுதியில் இருந்தால் என்ன, வீட்டில் இருந்தால் என்ன? காலையில் வாசல் தெளித்து பதினைந்து புள்ளியில் கோலம் போட்டேன். இவர் காலை நடைக்குக் கிளம்பி வந்து நடுக் கோலத்தில் கால் வைத்து நடந்து போனார். ஓரமாகப் போக இடம் இல்லையா? முப்பத்துமூன்று வருடமாக என் கோலத்தைச் சுற்றிப் போகிற மனுஷன் இவர். ஒருமுறை கோலத்தை மிதித்த தபால்காரரைக்கூடக் கடிந்துகொண்டவர்.

“கோலம்” என்றேன்.

“ஓ” என்றார். பின்வாங்கினார். இரண்டாவது காலும் கோலத்தில்.

வாசல் கேட்டில் ஜெசிந்தா காத்திருந்தாள். அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு மரங்களுக்குள் போய்விட்டார். மனசு ஓர் இடத்தில் இருந்தால் கால் எங்கே போகிறது என்று எப்படித் தெரியும்?

ஜனவரி 1, வியாழன்

ஜெசிந்தா கேக் கொண்டுவந்தாள். நன்றாகத்தான் இருந்தது. ஒரு துண்டோடு நிறுத்திக்கொண்டேன்.

ஜனவரி 3, சனி

விடுதியின் மாடி வராந்தாவில் இருந்து பார்த்தால் தோட்டத்தில் பாதி தெரிகிறது. பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை. வடகம் காயப் போட்டிருந்தேன்.

இவர் ஒரு மரத்தடியில் நிற்கிறார். அவள் ஓர் இலையைப் பறித்து இவர் உள்ளங்கையில் வைக்கிறாள். இவர் கண்ணை மூடிக்கொண்டு அதைத் தடவுகிறார், கசக்குகிறார், மூக்கருகே கொண்டுபோகிறார். பிறகு ஏதோ சொல்ல, அவள் எழுதிக்கொள்கிறாள். அடுத்த மரம், மறுபடி அதே கதை. ஒரு காலத்தில் இவர் இருபதடி தூரத்தில் இருந்தே பெயரைச் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். இப்போது ஒவ்வோர் இலைக்கும் அவள் கையில் இருந்து வாங்கி அஞ்சு நிமிடம் தடவல். புதுமாப்பிள்ளை தாம்பூலம் வாங்குவதுபோல் இருந்தது.

மேலிருந்து கையை ஆட்டினேன். இந்தப் பக்கம் நிமிர்ந்துதான் பார்த்தார். நேராக என்னைத்தான் பார்த்தார். கை ஆட்டவில்லை. அவள்தான் ஆட்டினாள், “அக்கா, காப்பி குடிச்சிட்டியளா?” என்று.

வடகத்தைக் காக்கை கொத்திவிட்டது.

சாயங்காலம் பேப்பரை நீட்டி, “நீ படி, நான் கேக்கேன்” என்றார். கண்ணாடியை மாற்ற வேண்டுமாம். பெரிய மனுஷருக்கு நான் செய்தி வாசிக்கிறேன், அவள் இலை கொடுக்கிறாள். வேலையைப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறார்.

ஜனவரி 6, செவ்வாய்

காலையில் கண் விழித்தபோது இவர் எனக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு சாண் தூரம்கூட இல்லை. என் நெற்றி, மூக்கு, வாய் என்று துண்டு துண்டாகப் பார்ப்பதுபோல் பார்வையை நகர்த்தினார்.

“என்னத்த அப்படிப் பாக்குதிய?”

“ஒண்ணுமில்ல. சும்மா.”

கல்யாணம் ஆன புதிதில்கூட இவர் இப்படிப் பார்த்ததில்லை. தப்பு செய்கிறவன்தான் பெண்டாட்டி முகத்தை இப்படி உற்றுப் பார்ப்பான், தெரிந்துவிட்டதா இல்லையா என்று. அடுப்படிக்குப் போய் அழுதேன். பிறகு தேங்காய்ச் சட்னி அரைத்தேன்.

ஜனவரி 9, வெள்ளி

பெயர்த் தகடுகள் வந்துவிட்டன. அலுமினியத் தகட்டில் பச்சைப் பெயிண்டில் தமிழ்ப் பெயர், அதன் கீழே லத்தீன் பெயர். ஒவ்வொரு மரத்துக்கு முன்னாலும் இடுப்பு உயரத்துக்கு ஒரு கம்பம் நட்டிருக்கிறார்கள். கம்பத்தில் எண் எழுதியாகிவிட்டது. தகட்டை இரண்டு ஸ்குரு வைத்து அதில் முடுக்க வேண்டும். முந்நூற்று நாற்பதையும் தன் கையாலேயே முடுக்குவேன் என்று ஜெசிந்தா நிற்கிறாள்.

தலைமைத் தோட்டக்காரர் இசக்கி வந்து என்னிடம் ஆச்சரியப்பட்டார். “அய்யாவுக்கு மண்டையா அது, கம்ப்யூட்டரால்லா இருக்கு! ஒண்ணுல இருந்து முந்நூத்தி நாப்பது வரைக்கும் வரிசையாச் சொல்லுதாங்க அம்மா. பாக்காமலே சொல்லுதாங்க.”

“பெயர் மாறிப் போச்சுன்னா அய்யா என்ன செய்வாங்கன்னு தெரியுமா?” என்று கேட்டுவிட்டு, அந்தப் பழைய கதையைச் சொன்னேன். கல்லூரிக் கண்காட்சியில் ஒரு மாணவன் வேங்கைக்கும் மருதுக்கும் சீட்டை மாற்றி ஒட்டிவிட்டான். முதல்வர் பக்கத்தில் நிற்கிறார் என்றுகூடப் பார்க்காமல் இவர் அவனைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார். பெற்றோரை அழைத்து வரச் சொன்னார். மற்ற எதிலும் பசு. பெயரில் மட்டும் புலி.

“ஆத்தாடி” என்றார் இசக்கி. ஸ்குரு முடுக்கும் திருப்புளியை விடுதிப் படிக்கட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஜனவரி 12, திங்கள்

தினமும்போல இன்றும் சாயங்காலம் ஏழு மணிக்கு அவள் ஆபீசுக்குப் போனார். பத்து நிமிடம். கதவு சாத்தியிருந்தது.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். விடுதி வாசலில் கல் கூட்டி, மஞ்சள் குலை கட்டி, பானை வைத்தேன். நன்றாகப் பொங்கியது. கிழக்கே பொங்கியது, அதனால் நல்லது என்று இசக்கி பெண்டாட்டி சொன்னாள்.

நல்லது எப்படி வந்தது என்று எழுதுகிறேன். எழுதினால்தான் மார்பில் இருப்பது இறங்கும்.

ஏழு மணிக்கு இவர் ஆபீசுக்குப் போனார். கொஞ்சம் கழித்து நானும் ஒரு தூக்குவாளியில் சர்க்கரைப் பொங்கல் எடுத்துக்கொண்டு போனேன். திருநாள் அன்று மனதில் எதையும் வைக்கக்கூடாது, அவளுக்கும் கொடுத்துவிட்டு வரலாம் என்று சத்தியமாக நினைத்துத்தான் போனேன். ஜன்னல் திரை ஓரமாக விலகியிருந்தது. இவர் நாற்காலியில் தலையைப் பின்னால் சாய்த்து உட்கார்ந்திருக்கிறார். அவள் குனிந்து நிற்கிறாள். ஒரு கை இவர் கன்னத்தில். முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில் முகம். இன்னொரு கையில் ஏதோ சின்னக் குப்பி, சென்ட் குப்பியாகத்தான் இருக்கும். இவர் குழந்தைபோல் அசையாமல் இருக்கிறார். பிறகு அவள் ஒரு கைக்குட்டையால் இவர் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

தூக்குவாளியோடு திரும்பி வந்தேன். வாகன அருங்காட்சியகத்துக் காவலாளியிடம் பொங்கல் முழுவதையும் கொடுத்துவிட்டேன்.

இவர் வந்தார். கண் ஓரம் ஈரமாக இருந்தது. “பொங்கல் இருக்கா?” என்றார். தீர்ந்துபோயிற்று என்றேன். சாயாமல் விழாமல் முப்பத்துமூன்று வருடம் கட்டி நிறுத்திய குடும்பம். அவளை இந்த இடத்தில் தலைகுனிய வைக்க வேண்டும். அதுவும் இவர் வாயாலேயே.

ஜனவரி 16, வெள்ளி

மாட்டுப் பொங்கல். தோட்டத்தில் ஒருவரும் இல்லை, எல்லோரும் விடுமுறை. மதியம் கொஞ்சம் நடந்துவிட்டு வந்தேன். நாற்பத்தொன்றும் நாற்பத்திரண்டும் அடுத்தடுத்து நிற்கிற மரங்கள். பார்ப்பதற்கு ஒன்றுபோலத்தான் இருக்கின்றன.

வலது பெருவிரலில் ஒரு கொப்புளம். எண்ணெய் தடவியிருக்கிறேன்.

நாளைக்குத் திறப்பு. புலி யார் மேல் பாய்கிறது என்று பார்ப்போம்.

ஜனவரி 17, சனி

கெடுவான் கேடு நினைப்பான் என்பார்கள். நான் நினைத்தேன்.

காலை பத்து மணிக்கே தோட்டம் நிறைந்துவிட்டது. கட்டுச்சோறும் கரும்பும் குழந்தைகளுமாக ஊரே வந்திருந்தது. ஜமீன் வாரிசு சென்னையில் இருந்து வந்திருந்தார். எழுபது வயதானாலும் அவரை எல்லோரும் சின்னராஜா என்றுதான் கூப்பிடுகிறார்கள். கல்லூரிப் பிள்ளைகள் முப்பது பேர் நோட்டோடு வந்திருந்தார்கள். இவர் வேட்டி சட்டையில், ஜெசிந்தாவின் முழங்கையைத் தொட்டுக்கொண்டு, முதல் மரத்தில் ஆரம்பித்தார்.

அப்படி இவர் பேசி நான் கேட்டதில்லை. ஒவ்வொரு மரத்தின் முன்னாலும் நின்று பெயர், பிறந்த ஊர், இந்தத் தோட்டத்துக்கு எந்தக் கப்பலில் வந்தது, எந்த மாதம் பூக்கும், எந்தப் பறவை வரும். கூட்டம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. நாற்பது மரம் முடிந்தது. இப்போதே போய் மாற்றிவிடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. ஜெசிந்தா இவர் காதில் ஏதோ சொல்ல, இவர் சிரித்தார். நான் நகரவில்லை.

நாற்பத்தொன்று. இவர் தகட்டின் மேல் கை வைத்தார். “இதுல எழுதியிருக்குறதப் பாத்துக்கிடுங்க. மகிழம். மிமுசாப்ஸ் எலெங்கி.”

பிள்ளைகள் எழுதவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முன்னால் நின்ற ஒரு பெண், “சார், இதுல புன்னைன்னு போட்டிருக்கு” என்றாள்.

“நல்லாப் படிம்மா.”

“புன்னைதான் சார்.”

இப்போது பாயும், இப்போது பாயும் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். இவர் பாயவில்லை. குனிந்தார். மூக்கு தகட்டில் இடிக்கும் வரைக்கும் குனிந்தார். தலையை இடது பக்கம் கொண்டுபோனார், வலது பக்கம் கொண்டுபோனார், மேலே, கீழே. தொலைந்த ஊசியைத் தேடுவதுபோல் அந்தத் தகட்டில் எழுத்தைத் தேடினார். பிறகு விரலால் தடவினார். பெயிண்டில் எழுதியது விரலுக்கு என்ன தெரியும்? நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கரும்பு கடிக்கிற சத்தம்கூட நின்றுவிட்டது.

ஜெசிந்தா பதறிக்கொண்டு முன்னால் வந்தாள். “சாரி சார், என் தப்பு. நான்தான் தகட்ட மாத்தி முடுக்கிட்டேன். ராஜா, மன்னிச்சிக்கிடுங்க, என் கவனக்குறைவு.”

நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தைகள். ஒன்றுவிடாமல் சொன்னாள். என் காதில் அமிலம் ஊற்றியதுபோல் இருந்தது.

சின்னராஜா அவளை விட்டுவிட்டு இவரைப் பார்த்தார். “பேராசிரியரே, உங்களுக்குக் கண் தெரியலையா?”

இவர் நிமிர்ந்தார். “தெரியல ராஜா” என்றார். ஏதோ மணி என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல் சொன்னார். “ஒரு கண்ணு முழுசாப் போச்சு. இன்னொண்ணுல ஊசித் துவாரம் அளவுக்குத் தெரியுது. யானையே முன்னால வந்து நின்னாலும் வாலு மட்டுந்தான் தெரியும்.” யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்றுதான் இவரும் அப்படிச் சொன்னார். பிறகு கையை நீட்டினார். ஜெசிந்தா இலையைப் பறித்துக் கொடுத்தாள். ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார். “ஓரம் நெளிவு நெளிவா இருக்கு. புன்னையா இருந்தா நகத்த ஓட்டுனா வரிவரியாத் தட்டும். இது மகிழந்தான். தகட்ட மாத்திருங்கம்மா.”

அடுத்த மரத்துக்குப் போனார்கள். கூட்டத்தில் பாதி கழன்றுவிட்டது.

கோலம், கை ஆட்டியது, அண்டா, பேப்பர், ஏழு மணிக் குப்பி. ஒவ்வொன்றாக வந்து செவிட்டில் அறைந்தது. கண்ணில் விடுகிற மருந்தைப் பார்த்து சென்ட் என்று எழுதியிருக்கிறேன். கண் தெரியாமல் இருந்தது அவருக்கு மட்டும்தானா?

தகட்டை மாற்றியது நான். இசக்கியின் திருப்புளியால் நேற்று மதியம் இரண்டரை மணிக்கு மாற்றினேன். இதையும் இந்த நோட்டில் எழுதவில்லை என்றால் நான் மனுஷியே இல்லை.

ஜனவரி 18, ஞாயிறு

இவராகத்தான் பேச்சை எடுத்தார். கண்ணில் பிரஷராம். நரம்பு காய்ந்துபோய்விட்டதாம். போனது திரும்பாது, இருப்பதை மருந்து விட்டுக் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கலாம் என்று மதுரை டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆடி மாதம் இங்கே வந்தபோது அருங்காட்சியகப் படியில் தவறி விழுந்திருக்கிறார். தூக்கி உட்கார வைத்த ஜெசிந்தாதான் கண்டுபிடித்தாள். அவள் அப்பாவுக்கும் இதே நோய். மதுரையில் பரிசோதனைக்கு மருந்து விட்டால் ஆறு மணி நேரம் வெளிச்சமே பார்க்க முடியாது, தனியாகப் பஸ் ஏற முடியாது. அதற்குத்தான் கூட வந்தாள். தினமும் விடுகிற மருந்துக் குப்பியைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும், அது ஆபீசில்தான் இருக்கிறது.

“ஊருக்கெல்லாம் தெரியணும், எனக்குத் தெரியக்கூடாது. அப்படித்தானே?” என்றேன். கேட்கத் தகுதி இல்லாதவள் நான். ஆனாலும் கேட்டேன், வலித்தது.

“உன்கிட்ட சொன்னா உன் முகம் எப்படி மாறும்னு எனக்குத் தெரியும் உலகு. இன்னும் கொஞ்ச நாள்தான் தெரியப்போவுது. கடைசியாப் பாக்குற முகம் அந்த முகமா இருக்க வேண்டாம்னு நெனச்சேன். நீ சண்ட போடுற முகமே போதும், அதான் எனக்குப் பழகுன முகம்.”

அடக்க முடியவில்லை. அவர் எந்த முகத்தைப் பார்க்கக்கூடாது என்று நினைத்தாரோ அந்த முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டேன்.

அதோடு விட்டிருந்தால்கூட நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். எனக்கு என்னைத் தெரியும். ஆனால் கொஞ்ச நேரம் கழித்து இவரே தனக்குள் பேசுவதுபோல் சொன்னார்: “ஜெசிந்தா அப்படி மாத்தி முடுக்குறவ இல்ல. என்னக் காப்பாத்தச் சொல்லிருக்கா. நான்தான் எழுதச் சொல்லும்போது வரிசைய மாத்திச் சொல்லிருக்கேன். கண்ணு போவுதுன்னா அது ஒரு கணக்கு. மூளையும் போவுதோன்னு பயமா இருக்கு.”

மத்தியானம் ஜெசிந்தா வந்து மருந்து விடும் முறையை எனக்குக் கற்றுக் கொடுத்தாள். கீழ் இமையை இழுத்து, ஒரு சொட்டு, ஒரு நிமிடம் ஓரத்தை அழுத்திப் பிடிக்க வேண்டும். “நீங்கதான் விடணும்னு எத்தன தடவ சொன்னேன் தெரியுமாக்கா? சார் கேக்கல.” சின்னராஜா இந்த மாதக் கடைசியில் சாவியை ஒப்படைக்கச் சொல்லிவிட்டாராம். தகட்டைக்கூட ஒழுங்காக முடுக்கத் தெரியாதவளிடம் அருங்காட்சியகத்தைக் கொடுக்க முடியாதாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். “சாருக்குத் தெரிய வேண்டாம், வருத்தப்படுவாங்க.”

இன்னும் ஒரு ரகசியம். இந்தத் தடவை என்னிடம் கொடுத்துவிட்டுப் போகிறாள்.

ஜனவரி 19, திங்கள்

சாயங்காலம் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். நான் பேனாவைத் திறந்த சத்தம் இவருக்குக் கேட்டுவிட்டது.

“என்ன எழுதுத? வந்ததுல இருந்து எழுதிக்கிட்டே இருக்க. படியேன், கேப்போம். பேப்பர்லயும் ஒண்ணுமில்ல.”

வேறு எதையாவது படித்திருக்கலாம். வெற்றுத் தாளைப் பார்த்து மழை பெய்தது, இட்லி சுட்டேன் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கலாம். இவருக்கு எப்படித் தெரியும்? அந்த நினைப்பு வந்ததுமே எனக்கு என்மேல் அருவருப்பாக இருந்தது. டிசம்பர் இருபத்தேழில் இருந்து ஆரம்பித்தேன்.

ரவா தோசையில் இவர் விழுந்து விழுந்து சிரித்தார். “அட பாவி மனுஷி!” தாம்பூலத்துக்குச் சிரித்தார். வடகத்துக்குச் சிரித்தார். ஜனவரி ஆறாம் தேதிக்குச் சிரிக்கவில்லை, என் கையைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டார். பொங்கல் அன்று நடந்ததைப் படித்தபோது, “சென்ட்டா!” என்று முணுமுணுத்தார். பதினாறாம் தேதி வந்தது. மூன்றே பத்தி. படித்து முடித்தேன்.

“பெருவிரல்ல எதுக்குக் கொப்புளம்?” என்று கேட்டார்.

என் விரலைத் தடவிப் பார்த்தார். இலையைப் பார்ப்பதுபோல் மெதுவாகப் பார்த்தார்.

“அடுத்த தேதியப் படி.”

படித்தேன். தகட்டுக்கு முன்னால் அவர் தலை அலைந்ததைக்கூட விடவில்லை. மாற்றியது நான் என்ற வரியில் என் குரல் போய்விட்டது. எக்ஸ்சேஞ்சில் லைன் அறுந்தால் மறுபடி மறுபடி போடுவோம். அப்படி மூன்று தடவை முயன்று அந்த வரியைச் சொன்னேன்.

இவர் என் கையை விட்டுவிட்டார். தோட்டத்துப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த நேரத்தில் அவர் எழுந்து போயிருந்தால் நான் கேட்க ஒன்றுமே இல்லை.

“அப்ப நான் வரிசைய மாத்திச் சொல்லல” என்றார் கடைசியில்.

“இல்ல.”

“நாப்பத்தொண்ணு மகிழம். நாப்பத்திரெண்டு புன்னை. சரியாத்தான் சொல்லிருக்கேன்.”

“எல்லாமே சரியாத்தான் சொன்னிய.”

பெரிய மூச்சு ஒன்று விட்டார். மன்னித்தார் என்று எழுத மாட்டேன், அப்படி ஒன்றும் அவர் சொல்லவில்லை. “என்ன செய்திருக்க நீ, தெரியுமா? நூறு பேர் முன்னால” என்று ஆரம்பித்து, மேலே போக முடியாமல் நிறுத்திக்கொண்டார். ஜெசிந்தாவின் வேலை போனதும் அவருக்குத் தெரிய வேண்டும் என்று, நேற்று அவள் சொன்னதை எழுதியிருந்ததையும் படித்தேன். அதற்கு மட்டும் சட்டென்று திரும்பினார்.

“நான் ராஜாகிட்ட பேசுதேன். நான்தான் மாத்தி எழுதச் சொன்னேன், அந்தப் பிள்ள மேல தப்பு இல்லன்னு சொல்லிருதேன். நீ வாயத் திறக்காத. இது நம்ம ரெண்டு பேருக்குள்ளேயே இருக்கட்டும்.”

நம்ம ரெண்டு பேருக்குள்ளே. ஆடி மாதத்தில் இருந்து இந்த மூன்று வார்த்தைக்குத்தான் நான் ஏங்கிக் கிடந்தேன். எந்த நேரத்தில், எதற்காகக் கிடைக்கிறது பாருங்கள்.

“வேண்டாம்” என்றேன். “உங்க வாயால மரத்துப் பேரத் தப்பாச் சொன்னேன்னு நீங்க சொல்லக்கூடாது. நாளைக்குக் காலையில ஒம்பது மணிக்கு ராஜா ஆபீசுக்கு வாராரு. அவ இருக்கும்போதே நான் போய்ச் சொல்லப் போறேன்.”

“அவ மூஞ்சிய எப்படிப் பாப்ப?”

“பாத்துத்தான் ஆவணும்.”

கொஞ்ச நேரத்தில் அவர் கை மறுபடி என் கையைத் தேடி வந்தது. நான் நகர்த்தி வைக்காமல், அதுவாகக் கண்டுபிடிக்கட்டும் என்று இருந்தேன். கண்டுபிடித்தது.

ஏழு மணிக்கு ஜெசிந்தா மருந்துக் குப்பியோடு படியேறி வந்தாள். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “என்ன சார், ரெண்டு பேரும் ஒரு மாதிரி இருக்கிய? என்ன விஷயம்?”

“ஒண்ணுமில்லம்மா” என்றார் இவர்.

அந்த ஒண்ணுமில்லைக்கு வெளியே முதல் தடவையாக அவள் நின்றாள், உள்ளே நான் இருந்தேன். வெட்கம்கெட்ட மனசு, அதற்கும் ஒரு நிமிடம் குளிர்ந்துதான் போனது. குப்பியை வாங்கி, அவர் இமையை இழுத்து, ஒரு சொட்டு விட்டேன். நாளைக் காலை ஒன்பது மணி வரைக்கும் அந்த ரகசியம் எங்கள் இரண்டு பேருடையது மட்டும்.